பெல்டேன்: வசந்தகால வளமைச் சடங்கின் பொருள் என்ன?

நீலமலர்:

அனைவருக்கும் வணக்கம். மே முதல் நாளில் அயர்லாந்து, ஸ்காட்லாந்து, மான் தீவு ஆகிய கேலிக் மொழி வழங்கிய நிலங்களில் கொண்டாடப்பட்ட பெல்டேன் விழாவைப் பற்றி எங்கே படித்தாலும் ஏறத்தாழ ஒரே விளக்கந்தான் கிடைக்கிறது. அன்று ஆண் தெய்வமும் பெண் தெய்வமும் மணம் புரிகிறார்கள் என்றும், ஊர் நடுவே நடப்படும் மேபோல் கம்பம் ஆண்குறியின் வடிவம், அதன் உச்சியில் தொங்கும் மலர்வளையம் பெண்மையின் வடிவம் என்றும், அந்த இரவில் இளையோர் காட்டுக்குள் சென்று கூடினால் வயலும் விளையும் கால்நடையும் பெருகும் என்று நம்பினார்கள் என்றும் எழுதுகிறார்கள். இதற்குப் பழைய சான்று எவ்வளவு இருக்கிறது? சடங்கைச் செய்த மக்கள் என்ன எண்ணிச் செய்தார்கள்? கிறித்தவத்துக்கு முந்தைய சமயங்களைப் போற்றி இன்று தங்களைப் பேகன்கள் என்று அழைத்துக்கொள்வோர் என்ன எண்ணிச் செய்கிறார்கள்? இம்மூன்றையும் ஒன்றாகக் குழைத்தே எல்லாரும் பேசுவதாக எனக்குப் படுகிறது. விவரம் அறிந்தவர்கள் பிரித்துச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஏட்டுவாசகன்:

மிகத் தேவையான கேள்வி, அம்மா. நான் பழைய ஏடுகள் என்ன சொல்கின்றன என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

பெல்டேன் பற்றிய மிகத் தொன்மையான குறிப்புகளில் ஒன்று, அயர்லாந்தின் மன்ஸ்டர் நாட்டில் அரசராகவும் கிறித்தவ ஆயராகவும் (பிஷப்) இருந்து 908ஆம் ஆண்டு இறந்த கோர்மாக் என்பவரின் பெயரால் வழங்கும் ஐரியச் சொற்களஞ்சியத்தில் உள்ளது. பழைய கெல்ட்டியப் பூசாரிகளான துரூயிதர்கள் மந்திரங்களை ஓதி இரண்டு நெருப்புகளை மூட்டுவார்கள் என்றும், அந்த ஆண்டின் நோய்கள் அண்டாதிருக்க அவற்றுக்கு இடையே மாடுகளை ஓட்டுவார்கள் என்றும் அது சொல்கிறது. தெய்வத் திருமணம், கம்பம், இளையோர் கூடுதல் ஆகியவற்றுக்கு அதில் இடமே இல்லை. மாடும் நெருப்பும் நோயுமே அங்கே பேசப்படுகின்றன.

ஏறக்குறைய 850 ஆண்டுகள் கழித்து, 1769இல் ஸ்காட்லாந்தில் பயணம் செய்த தாமஸ் பென்னன்ட், பெர்த்ஷயர் பகுதியின் மாட்டு மேய்ப்பர்கள் மே முதல் நாளில் செய்த சடங்கை நேர்த்தியாக எழுதிவைத்தார். தரையில் சதுரமாகப் பள்ளம் வெட்டி, நடுவே புல்தரையை மேடாக விட்டு, அதன்மேல் விறகு அடுக்கி நெருப்பு மூட்டுவார்கள். முட்டை, வெண்ணெய், ஓட்ஸ் மாவு, பால் ஆகியவற்றைக் கலந்து ஒரு கஞ்சி காய்ச்சி, அதில் சிறிது தரையில் ஊற்றிப் படைப்பார்கள். பிறகு ஒவ்வொருவரும் ஒன்பது புடைப்புகள் உள்ள ஓட்ஸ் அப்பத்தைக் கையில் எடுத்து, நெருப்பை நோக்கி நின்று, ஒரு புடைப்பைப் பிய்த்துத் தோளுக்குப் பின்னே எறிந்து, "இதை உனக்குத் தருகிறேன், என் குதிரைகளைக் காப்பாற்று; இதை உனக்குத் தருகிறேன், என் ஆடுகளைக் காப்பாற்று" என்பார்கள். அதன்பின் அதே முறையில் தீங்கு செய்யும் விலங்குகளை நோக்கியும் பேசுவார்கள்: நரியே, இது உனக்கு, என் குட்டிகளை விட்டுவிடு, சாம்பல் காக்கையே, இது உனக்கு, கழுகே, இது உனக்கு.

இவ்வளவு தெளிவாகச் சடங்கின் நோக்கத்தை அதைச் செய்தவர்களின் வாயாலேயே சொல்லும் பதிவு ஐரோப்பிய நாட்டுப்புற வழக்காறுகளில் அதிகம் இல்லை. குளிர்காலம் முழுதும் கொட்டிலில் கிடந்து மெலிந்த கறவைகளையும், அப்போதுதான் ஈன்ற கன்றுகளையும் குட்டிகளையும் மலை மேய்ச்சலுக்கு ஓட்டிச்செல்லும் தறுவாய் அது. ஆண்டின் வருவாய் முழுவதும் அந்தக் கன்றுகளிலும் பாலிலும்தான் இருந்தது. எனவே நான் இதை வளமைச் சடங்கு என்பதைவிடக் காப்புச் சடங்கு என்றே கொள்கிறேன். உயிர்கள் முன்பே பிறந்துவிட்டன. அவை சாகாமலிருக்க வேண்டும் என்பதுதான் வேண்டுதல்.

முல்லைத்திணை:

ஐயா, உங்கள் சான்றுகளை மறுக்கவில்லை. ஆனால் காப்பு வேறு, வளமை வேறு என்று கோடு கிழிப்பது மேய்ச்சல் வாழ்க்கையை வெளியிலிருந்து பார்ப்பவரின் பார்வை என்று கருதுகிறேன். கறவை பால் தர வேண்டுமென்றால் அது சினைப்பட வேண்டும், ஈன வேண்டும், கன்று பிழைக்க வேண்டும், மறுபடி சினைப்பட வேண்டும். இந்தச் சுழற்சியின் எந்த இடத்தில் வளமை முடிந்து காப்பு தொடங்குகிறது?

இந்த நாளையொட்டி இருந்த மற்ற வழக்கங்களைக் கவனியுங்கள். மே முதல் நாள் காலையில் வீட்டிலிருந்து நெருப்போ பாலோ வெளியே கொடுக்கக் கூடாது என்பது அயர்லாந்தில் நெடுங்காலம் கடைப்பிடிக்கப்பட்ட விலக்கு. கொடுத்தால் அந்த ஆண்டு முழுவதற்குமான வெண்ணெய்ப் பேறு வாங்கியவரோடு போய்விடும் என்று அஞ்சினார்கள். சூனியக்காரிகள் முயல் வடிவெடுத்து மாட்டின் மடியில் பாலை உறிஞ்சுவார்கள் என்ற நம்பிக்கையை 12ஆம் நூற்றாண்டிலேயே வேல்ஸ் நாட்டு ஜெரால்டு குறிப்பிட்டிருக்கிறார். அதற்கு மாற்றாகக் கதவிலும் கொட்டிலிலும் மஞ்சள் நிறப் பூக்களைத் தூவினார்கள். மான் தீவில் ரோவன் மரக் குச்சிகளைச் சிலுவையாகக் கட்டி மாட்டின் வாலில் முடிந்தார்கள். பால் பெருக வேண்டும் என்ற ஆசையும் பால் களவு போகக் கூடாது என்ற அச்சமும் இங்கே ஒரே உணர்வாக இருக்கின்றன.

இன்னொன்றும் உண்டு. ஸ்காட்லாந்தின் காலண்டர் என்ற ஊரைப் பற்றி அவ்வூர்ப் பாதிரியார் 1790களில் எழுதிய விவரத்தில், சிறுவர்கள் வெட்டவெளியில் நெருப்பு மூட்டி, முட்டையும் பாலும் சேர்த்துச் சமைத்து, ஓட்ஸ் அப்பத்தைத் துண்டுகளாக்கி, ஒன்றை மட்டும் கரியால் கறுப்பாக்கி, எல்லாவற்றையும் தொப்பியில் இட்டுக் கண்ணைக் கட்டிக்கொண்டு எடுப்பார்கள் என்று வருகிறது. கறுப்புத் துண்டு யாருக்குக் கிடைக்கிறதோ அவர் தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவர். நெருப்பை மூன்று முறை தாண்ட வேண்டும். மனிதருக்கும் கால்நடைக்கும் வேண்டிய உணவை அந்த ஆண்டு தர வேண்டும் என்று வேண்டும் பலியின் எச்சம் அது என்று பாதிரியார் விளக்குகிறார். இது வளமை வேண்டுதல் இல்லையென்றால் வேறென்ன?

கல்வெட்டு:

இருவர் சொல்வதும் நெருப்பைப் பற்றியது. இழையைத் தொடங்கியவர் கம்பத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறார். அதைத் தனியே பார்க்க வேண்டும், ஏனென்றால் நெருப்பும் கம்பமும் ஒரே விழாவின் இரு உறுப்புகள் என்று கொள்வதிலேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது. பெல்டேன் நெருப்பு எரிந்தது மேய்ச்சலை நம்பிய வடக்கு, மேற்கு மேட்டு நிலங்களில். மேபோல் கம்பம் பெரும்பாலும் இங்கிலாந்து, வேல்ஸ், ஜெர்மனி, ஸ்காண்டிநேவியா ஆகிய நாடுகளின் ஊர்ப்புறங்களுக்கு உரியது. இன்று இரண்டும் ஒரே படத்தில் இருப்பது 20ஆம் நூற்றாண்டின் சேர்க்கை.

பிரிட்டனில் கம்பம் பற்றிய முதல் தெளிவான சான்று 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் குரிஃபித் ஆப் ஆதா எழுதிய வெல்ஷ் கவிதை. லானிட்லோஸ் என்ற ஊரில் கம்பமாக நடப்பட்ட பிர்ச் மரத்தைப் பார்த்துக் கவிஞர் இரங்குகிறார். தோப்பிலிருந்து பிரிக்கப்பட்டுச் சந்தை நடுவே நிற்கும் மரத்தின் துயரம் அது. ஆண்குறியின் சாயல் அதில் சிறிதும் இல்லை. மரமாகவே அதைக் கண்டு, வெட்டப்பட்டதற்காகத்தான் வருந்துகிறார். எனக்கு மிகவும் பிடித்த கவிதை இது. இந்த விவாதத்தில் அதை யாரும் போதிய அளவு பேசுவதில்லை என்ற ஆதங்கமும் உண்டு.

பிறகு என்ன நடந்தது? கம்பத்துக்குப் பாலியல் பொருளை ஏற்றியவர்களில் முன்னோடிகள் அதன் எதிரிகள். 1583இல் பிலிப் ஸ்டப்ஸ் என்ற தூய்மைவாதக் கிறித்தவர் (பியூரிட்டன்), இருபது நாற்பது இணை எருதுகளின் கொம்பில் பூங்கொத்து கட்டி ஊரார் இழுத்துவரும் அந்தக் கம்பத்தை நாற்றமடிக்கும் சிலை என்று ஏசினார். இரவில் காட்டுக்குப் போன கன்னியரில் மூன்றில் ஒரு பங்கினர்கூடக் கற்போடு திரும்பவில்லை என்றும் எழுதினார். 1644இல் நாடாளுமன்றம் கம்பங்களைப் பேகன்களின் வீண்செயல் என்று கூறித் தடைசெய்தது. 1651இல் ஆங்கிலத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ், ரோமானியர்கள் ப்ரியாப்பஸ் தெய்வத்துக்கு ஊர்வலம் நடத்தினார்கள், நாம் கம்பம் நடுகிறோம் என்று இரண்டையும் இணைத்தார். ப்ரியாப்பஸ் விறைத்த குறியோடு காட்டப்படும் தெய்வம் என்பதை அறிவீர்கள். ஆக, இன்று பேகன்கள் பெருமையோடு சொல்லும் விளக்கம், பேகன் எச்சங்களை ஒழிக்க நினைத்த எழுத்தாளர்களிடமிருந்து வந்திருக்கிறது.

நீலமலர்:

மிக்க நன்றி. ஸ்டப்ஸ் மிகைப்படுத்தியிருக்கலாம் என்று ஏற்கிறேன். ஆனால் ஒன்றுமே இல்லாமலா எழுதியிருப்பார்? இளையோர் இரவு முழுதும் காட்டில் இருந்தது உண்மைதானே?

கல்வெட்டு:

இருந்தார்கள். பூக்களும் பச்சைக் கிளைகளும் கொண்டுவருவதற்காக இரவில் காட்டுக்குச் செல்லும் வழக்கத்துக்குப் பல சான்றுகள் உண்டு. கேள்வி, அது கருவளச் சடங்காக இருந்ததா என்பதே. தேவாலயங்களின் திருமுழுக்குப் பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள், மே மாதத்தில் கருத்தரிப்பு தனியாக உயர்ந்ததற்கு அடையாளம் காணவில்லை. திருமணத்துக்குள்ளும் சரி, வெளியிலும் சரி. உயர்வு கோடையின் பிற்பகுதியில்தான் தெரிகிறது. வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன் 1996இல் வெளியிட்ட பிரிட்டானியச் சடங்காண்டு குறித்த நூலில் இதை எடுத்துக்காட்டுகிறார். குளிர் விலகாத மே முதல் நாளின் இரவை நினைத்தால் எனக்கு வியப்பு ஏற்படவில்லை.

இதோடு சேர்த்து எண்ண வேண்டிய மற்றொரு வழக்கம்: மே மாதத்தில் திருமணம் செய்தால் ஆகாது என்ற நம்பிக்கை பிரிட்டனில் வலுவாக இருந்தது. பண்டை ரோமிலும் அப்படியே, மே மாதத்தில் மணப்பவள் தீயவள் என்று மக்கள் சொல்வதை ரோமானியக் கவிஞர் ஓவிட் பதிவுசெய்கிறார். தெய்வங்களே மணம் புரியும் மாதம் என்று ஒரு மக்கள் உண்மையிலேயே நம்பியிருந்தால், அதே மாதத்தைத் தம் பிள்ளைகளின் மணத்துக்கு விலக்கியிருப்பார்களா?

கம்பத்தில் நாடாக்களைக் கட்டி ஆணும் பெண்ணும் எதிரெதிர்த் திசையில் சுற்றிப் பின்னுவது கூடலின் குறியீடு என்ற விளக்கத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். பின்னல் நடனம் 1836இல் லண்டன் நாடக மேடையில் காட்டப்பட்டுப் பரவியது. 1881இல் எழுத்தாளர் ஜான் ரஸ்கின் ஊக்குவிப்பில் ஒயிட்லண்ட்ஸ் ஆசிரியைப் பயிற்சிக் கல்லூரியில் மே அரசி விழா தொடங்கியது. அங்கே பயின்ற ஆசிரியைகள் வழியாக நாடா நடனம் பள்ளிகளுக்குச் சென்றது. விக்டோரியா காலத்துப் பள்ளிச் சிறுமியருக்காகத் தூய்மைப்படுத்தப்பட்ட நடனத்தில் பண்டைக்காலக் கூடலைத் தேடிப் பயனில்லை.

முல்லைத்திணை:

மேடை நடனம் பற்றிய உங்கள் கருத்தை ஏற்கிறேன், கல்வெட்டு அவர்களே. ஆனால் ரோமையும் கொண்டுவந்துவிட்டதால், ஓவிட்டின் அதே நூலில் மலர்களின் தெய்வமான ஃப்ளோராவின் விழாவையும் பார்க்க வேண்டும். ஏப்ரல் 28 முதல் மே தொடக்கம் வரை நடந்த அந்த விழாவில் முயல்களையும் ஆடுகளையும் அவிழ்த்துவிட்டார்கள். மேடையில் நடிகையர் ஆடை களைந்தார்கள். விலைமகளிர் அதைத் தம் விழாவாகக் கொண்டார்கள். பிப்ரவரி 15இல் நடந்த லூப்பர்காலியா என்ற மற்றொரு ரோமானிய விழாவில் வெள்ளாட்டுத் தோல் வாரால் அடி வாங்கினால் பிள்ளைப்பேறு கிடைக்கும் என்று பெண்கள் தாமே முன்வந்து கையை நீட்டினார்கள். வளமைச் சடங்கு என்பது யாரோ பிற்காலத்தில் கற்பித்துக்கொண்டது அன்று. பண்டை ஐரோப்பாவில் அது ஐயத்துக்கிடமின்றி இருந்தது.

கார்ன்வாலில் பாட்ஸ்டோ ஊரில் மே முதல் நாளன்று ஆடும் குதிரையாட்டத்தையும் மறக்கக் கூடாது. வளையத்தின் மேல் கறுப்புத் துணி போர்த்திய அந்தக் குதிரை தெருத்தெருவாக ஆடும். அவ்வப்போது செத்ததுபோல் தரையில் சரியும், பாட்டு மாறியதும் துள்ளி எழும். அதன் துணிக்குள் இழுக்கப்படும் பெண்ணுக்கு ஓர் ஆண்டுக்குள் கணவனோ குழந்தையோ கிடைக்கும் என்று ஊரார் இன்றும் சொல்கிறார்கள். இந்தப் பொருளைச் சொல்பவர்கள் சடங்குக்கு உரியவர்களே. ஏட்டில் 1803க்கு முன் குறிப்பில்லை என்பதற்காக அவர்கள் சொல்லும் பொருளைத் தள்ளிவிட முடியுமா?

ஏட்டுவாசகன்:

தள்ள வேண்டாம். பாட்ஸ்டோ மக்கள் சொல்வது பாட்ஸ்டோ ஆட்டத்தின் பொருள். அதை எடுத்து 9ஆம் நூற்றாண்டு அயர்லாந்தின் மாட்டு நெருப்புக்குப் பொருத்துவதைத்தான் மறுக்கிறேன். லூப்பர்காலியாவுக்கும் அதே விடை. ஃப்ளோரா விழாவிலோ உங்கள் சான்றே என் பக்கமும் சாய்கிறது: எல்லாம் நன்கு பூக்க வேண்டும் என்பதற்காகக் கிமு 238இல் அதை நிறுவினார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். பூத்த மரத்தைப் பனியும் ஆலங்கட்டியும் காற்றும் கெடுத்துவிடாதபடி காக்கும் தெய்வமாகவும் ஃப்ளோரா ஓவிட்டிடம் பேசுகிறாள். களியாட்டம் அதைச் சுற்றி வளர்ந்தது.

காலண்டர் ஊரின் அப்பத்தைப் பற்றி: சிறுவர்கள் அப்பத்தைக் குலுக்கி எடுத்ததும் நெருப்பைத் தாண்டியதும் பாதிரியார் கண்டறிந்த செய்தி. பலி என்பதும் விவிலியத்தில் வரும் பாகால் (Baal) என்னும் தெய்வத்துக்கு அது நேர்ந்தது என்பதும் அவருடைய கல்வி தந்த விளக்கம். பென்னன்ட்டின் பதிவில் நாம் கேட்பது மேய்ப்பரின் குரல். காலண்டர் பதிவில் கேட்பது படித்தவரின் குரல். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

இன்னொரு செய்தியையும் சேர்க்கிறேன். கோர்மாக் கிறித்தவ ஆயர். பென்னன்ட் கண்ட மேய்ப்பர்கள் கிறித்தவர்கள். ஸ்காட்லாந்தின் மேற்கே உள்ள ஹெப்ரிடீஸ் தீவுகளின் பாடல்களைக் கார்மைக்கேல் திரட்டி 1900இல் வெளியிட்ட தொகுப்பில் பெல்டேன் அன்று சொல்லும் வாழ்த்துப் பாடல்கள் உள்ளன. அவை திரித்துவத்தையும் மரியாளையும் அழைத்து, மனைவி மக்களையும் மந்தையையும் பாலையும் வெண்ணெயையும் காக்க வேண்டுகின்றன. நம்மிடம் உள்ள பெல்டேன் பதிவுகள் அனைத்தும் கிறித்தவர்களின் கைவழியாகவே வந்தவை. கிறித்தவத்துக்கு முந்தைய வேர் இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஆயிரம் ஆண்டு அந்தச் சடங்கைச் செய்து உயிரோடு வைத்திருந்தவர்கள் தங்களைப் பேகன்களாக எண்ணவில்லை. அவர்களுக்கு அது வேறொரு சமயத்தின் சடங்காக இருக்கவில்லை. மாட்டை மலைக்கு ஓட்டுமுன் செய்தே தீர வேண்டிய வேலைகளில் ஒன்றாக இருந்தது.

முல்லைத்திணை:

திரித்துவத்தை அழைக்கும் அதே பாடல் மனைவியையும் மக்களையும் முதலில் சொல்லி, மந்தையைப் பிறகு சொல்கிறது என்பதைக் கவனித்தீர்களா, ஐயா? என் வாதத்தின் மையம் அதுதான். வீட்டில் பிள்ளையும் தொழுவத்தில் கன்றும் ஒரே மூச்சில் வேண்டப்படுகின்றன.

மார்ட்டின் மார்ட்டின் என்பவர் ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளைப் பற்றி 1703இல் வெளியிட்ட நூலில், கொள்ளைநோயும் மாட்டுச் சாவும் வரும்போது மூட்டப்படும் கடைநெருப்பைப் பற்றி எழுதுகிறார். ஊரின் அடுப்புகளையெல்லாம் அணைத்துவிட்டு, 81 ஆண்கள் ஒன்பது ஒன்பது பேராக மாறி மாறி இரண்டு பெரிய பலகைகளை ஒன்றோடொன்று உரசித் தீ உண்டாக்குவார்கள். அந்தத் தீயிலிருந்து ஒவ்வொரு வீட்டாரும் புதிய நெருப்பு எடுத்துச்செல்வார்கள். அதில் காய்ச்சிய நீரை நோயுற்றவர் மேலும் மாடுகள் மேலும் தெளிப்பார்கள். அந்த 81 பேரும் மணமானவர்களாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. நோய் நீக்கும் நெருப்பை மூட்ட மணமானவர்கள் எதற்கு? காப்பு நெருப்புக்குள்ளும் குடும்பம், பிள்ளைப்பேறு என்ற எண்ணம் இருந்தது என்று நான் கொள்கிறேன்.

ஏட்டுவாசகன்:

வலுவான சான்று. மணமானவர் என்றால் அந்தச் சமூகத்தில் தனக்கென்று அடுப்பு உடையவர், புதிய நெருப்பைப் பெறும் வீட்டுக்குப் பொறுப்பானவர் என்றும் கொள்ளலாம். நான் அந்தப் பக்கமே சாய்கிறேன். ஆனாலும் உங்கள் வாசிப்புக்கு அங்கே இடம் இருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன்.

எடின்பரோவாசி:

நான் எடின்பரோவில் வசிக்கிறேன். கால்ட்டன் குன்றில் ஏப்ரல் 30 இரவு நடக்கும் பெல்டேன் நெருப்பு விழாவுக்குப் போயிருக்கிறேன். சுமார் 300 தன்னார்வலர்கள் நிகழ்த்தும் அந்த விழாவை ஏடுகளில் உள்ள பெல்டேனோடு ஒப்பிட நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

இது 1988இல் தொடங்கியது. டெஸ்ட் டிபார்ட்மென்ட் என்ற இசைக்குழுவைச் சேர்ந்த ஆங்கஸ் ஃபார்குஹர், ஸ்காட்டிஷ் நாட்டுப்புற ஆய்வாளர்களின் துணையோடு இதை உருவாக்கினார். ஏதென்ஸ் கோயிலைப் போலக் கட்டத் தொடங்கி முடிக்காமல் விடப்பட்ட தூண்களின் அருகே முரசொலியோடு ஊர்வலம் தொடங்குகிறது. வெண்ணிற ஆடையில் மே அரசியும் அவளுக்குப் பின்னே பச்சை மனிதனும் குன்றைச் சுற்றி வருகிறார்கள். உடல் முழுதும் சிவப்புச் சாயம் பூசியவர்கள் குழப்பத்தின் உருவாக ஊர்வலத்தைக் கலைக்க முயல்கிறார்கள். பச்சை மனிதன் மே அரசியை நெருங்கித் தொட்டதும் கொல்லப்படுகிறான். குளிர்காலக் கோலம் களையப்பட்டு மீண்டும் உயிர்பெற்று ஆடுகிறான். அதன்பின் பெருநெருப்பு மூட்டப்படுகிறது.

இதில் எது பழையது என்று கேட்டால், அந்த நாளும் நெருப்பும் என்பேன். இலைமுகச் சிற்பங்களுக்குப் பச்சை மனிதன் என்று பெயரிட்டு அவனை வசந்தத் தெய்வமாக்கியது 1939இல் லேடி ராக்லன் எழுதிய கட்டுரை. அங்கே மாடுகளே இல்லை. ஆனால் அந்தக் குளிரில், நெருப்பின் வெப்பம் முகத்தில் படும் அளவு அருகில் நின்ற எனக்கு, அது வெறும் நாடகம் என்று தோன்றவில்லை. ஆறுமாத இருட்டுக்குப் பிறகு வெளிச்சம் திரும்பும் வடநாட்டில் வாழ்பவர்களுக்கு மே மாதம் என்றால் என்ன என்பதை அந்தக் குன்றில்தான் உணர்ந்தேன். ஸ்காட்லாந்தின் குளிர்காலத்தை வாழ்ந்து பார்க்காமல் இந்தச் சடங்கின் பொருளை முழுதாகப் பிடிக்க இயலாது என்றே நம்புகிறேன்.

வெண்பிறை:

இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து மிகுந்த ஈடுபாட்டோடு படித்துவந்தேன். நான் இன்றைய பேகன் சமயங்களில் ஒன்றான விக்காவைப் பின்பற்றுபவள். ஆஸ்திரேலியாவில் வாழ்வதால் எங்கள் குழுவினர் பெல்டேனை அக்டோபர் இறுதியில் கொண்டாடுகிறோம், இங்கே அப்போதுதான் வசந்தம் முதிர்கிறது. செய்பவர்கள் என்ன எண்ணிச் செய்கிறார்கள் என்ற நீலமலர் அவர்களின் கேள்விக்கு உள்ளிருந்து விடை சொல்ல முயல்கிறேன்.

எங்கள் ஆண்டுச் சக்கரத்தில் எட்டு விழாக்கள் உண்டு. தெய்வமும் தேவியும் இளமையின் முழுமையில் ஒன்றுசேரும் நாள் பெல்டேன். வட்டமிட்டு, நான்கு திசைகளையும் அழைத்து, மது நிறைந்த கிண்ணத்தை ஒருவர் ஏந்த, மற்றவர் கத்தியின் முனையை அதில் தாழ்த்துவார். அது ஆணும் பெண்ணும் கூடுவதன் குறியீடு என்பதில் எங்களுக்கு மறைப்பும் இல்லை, வெட்கமும் இல்லை. உடலும் கூடலும் பாவத்தின் வாயில் என்று கற்பித்த சூழலில் வளர்ந்து பிறகு இங்கே வந்து சேர்ந்த பலருக்கு, உடலைத் தூயது என்று ஒரு சமயச் சடங்கே அறிவிப்பது வாழ்க்கையை மாற்றும் செய்தி. அந்தப் பொருள் 9ஆம் நூற்றாண்டு ஏட்டில் இல்லை என்பதால் எனக்கு ஒன்றும் குறையவில்லை.

உள்ளேயும் விவாதம் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆண், பெண் என்ற இருமையை மட்டும் மையமாக்கும்போது ஓர்பால் ஈர்ப்புடைய உறுப்பினர்களும் பிள்ளை பெற விரும்பாதவர்களும் தங்களுக்கு அந்த வட்டத்தில் என்ன இடம் என்று கேட்கிறார்கள். எங்கள் குழுவில் இப்போது கிண்ணத்தையும் கத்தியையும் யார் வேண்டுமானாலும் ஏந்தலாம். வளமை என்பதைக் கருவுறுதலோடு நிறுத்தாமல், அவரவர் அந்த ஆண்டில் உலகுக்குக் கொண்டுவர நினைக்கும் எதையும் அதில் சேர்க்கிறோம்.

கல்வெட்டு:

அம்மா, இவ்வளவு தெளிவாகச் சொன்னதற்கு நன்றி. நீங்கள் விவரித்த பொருள் எந்த வழியாக உங்களை வந்தடைந்தது என்பதைக் காட்டுவது உங்களுக்கு இழிவாகாது என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஜெர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் மன்ஹார்ட், உழவர்களின் வழக்கங்களைத் திரட்டி, அவற்றுக்கு அடியில் மர ஆவி, பயிர் ஆவி பற்றிய நம்பிக்கை இருப்பதாக விளக்கினார். அதை எடுத்துக்கொண்ட ஜேம்ஸ் ஃப்ரேசர் 1890இல் இரண்டு தொகுதிகளாகத் தொடங்கி, பின்னர் 12 தொகுதிகளாக விரித்த தம் பெருநூலில், உலகெங்கும் உள்ள சடங்குகளை ஒரே கதைக்குள் அடக்கினார்: செத்துப் பிழைக்கும் தெய்வம், அவனை மணக்கும் தேவி, அவர்களின் கூடலால் விளையும் நிலம். மே அரசனும் அரசியும் அவருக்கு அந்தத் தெய்வத் திருமணத்தின் எச்சங்கள். 1921இல் மார்கரெட் மரே, சூனியக்காரிகள் என்று கொல்லப்பட்டவர்கள் அப்படியொரு வளமைச் சமயத்தைச் சேர்ந்தவர்கள் என்று வாதிட்டார். பிரிட்டனில் சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டபின், ஜெரால்டு கார்ட்னர் 1954இல் அந்தச் சமயம் இன்னும் உயிரோடு இருப்பதாக அறிவித்து நூல் எழுதினார். முன்னுரை தந்தவர் மரே. 1950களின் முடிவில் கார்ட்னரின் குழுவினர் எட்டு விழாக்களையும் ஒரே நிலையில் கொண்டாடத் தொடங்கினார்கள்.

மரேயின் கொள்கையை இன்று வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. ஃப்ரேசரின் ஒப்பீட்டு முறையையும் ஏற்பதில்லை. இடமும் காலமும் பிரித்துப் பார்க்காமல் ஒத்த வடிவங்களையெல்லாம் ஒத்த பொருள் உடையவையாக அவர் கொண்டார். ஆனால் அவர் எழுதியதிலிருந்து ஒரு சமயம் பிறந்து இன்று மக்களால் வாழப்படுகிறது. எனக்கு உறுத்துவது ஒன்றே ஒன்றுதான்: இந்தப் புதிய பொருளைப் பழைய மேய்ப்பர்களின் வாயில் திணிப்பது. அவர்கள் தெளிவாகப் பேசியிருக்கிறார்கள். அவர்கள் அஞ்சியது நரிக்கும் காக்கைக்கும் மாட்டு நோய்க்கும் பால் திருட்டுக்கும். அந்த அச்சத்தின் மேல் காதல் கதையைப் போர்த்தினால், அந்த ஏழை மக்களின் வாழ்வு எவ்வளவு நொய்மையான இழையில் தொங்கியது என்பது நம் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

நீலமலர்:

என் கேள்விக்கு இத்தனை முகங்கள் இருக்கும் என்று நினைக்கவில்லை, அனைவருக்கும் நன்றி. வெண்பிறை அவர்களிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். கல்வெட்டு அவர்கள் சொன்ன வரலாற்றை உங்கள் குழுவினர் அறிந்திருக்கிறார்களா? அறிந்தபின் சடங்கில் எதையேனும் மாற்றுவீர்களா?

வெண்பிறை:

பெரும்பாலோர் அறிந்திருக்கிறார்கள். ஹட்டன் 1999இல் விக்காவின் தோற்றம் பற்றி எழுதிய நூல் பேகன்களிடையே பரவலாக வாசிக்கப்பட்டது. சிலர் சினந்தார்கள், பலர் ஏற்றுக்கொண்டார்கள். எங்கள் சமயம் 20ஆம் நூற்றாண்டில் உருவானது என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. கிண்ணத்தையும் கத்தியையும் விடும் எண்ணமும் இல்லை, அது எங்கள் சடங்கு.

ஆனால் ஏட்டுவாசகன் ஐயா எடுத்துக்காட்டிய மேய்ப்பரின் சொற்கள் எனக்குப் புதிய வழியைத் திறக்கின்றன. எங்கள் சடங்கில் தெய்வங்களிடம் தருமாறு கேட்கிறோமே தவிர, காப்பாற்றுமாறு கேட்பதே இல்லை. தீங்கு செய்யும் உயிருக்கும் ஒரு துண்டு அப்பம் கொடுத்து அதனோடு உடன்பாடு செய்துகொள்ளும் அந்த முறை எங்களிடம் அறவே இல்லை. எங்கள் குழுவில் தேனீ வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். தேனீக்களை அழிக்கும் வரோவா உண்ணி 2022இல் இந்நாட்டில் நுழைந்ததிலிருந்து அவர்கள் ஒவ்வொரு வசந்தத்திலும் கூட்டைத் திறக்கும்போது அஞ்சுகிறார்கள். காட்டுத்தீயின் காலமும் இங்கே பெல்டேனை ஒட்டியே தொடங்குகிறது. எங்கள் நெருப்பைப் பல ஆண்டுகள் மெழுகுவர்த்திகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. அடுத்த பெல்டேனில் ஓட்ஸ் அப்பம் சுட்டு, உண்ணிக்கு ஒரு துண்டும் தீக்கு ஒரு துண்டும் பெயர் சொல்லி எறியலாம் என்று குழுவில் முன்மொழியப்போகிறேன். முல்லைத்திணை அவர்கள் குறிப்பிட்ட ஹெப்ரிடீஸ் வரிசையையும், வீட்டாரை முதலிலும் மந்தையைப் பிறகும் சொல்லும் அந்த ஒழுங்கையும், அப்படியே பின்பற்ற விரும்புகிறேன். அந்தப் பாடலின் முழு வரிகளும் உங்களிடம் இருந்தால் இங்கே இடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.